மீட்டரைப் பார்க்காமல் எழுதிய எண்கள்

என் அண்ணனும் நானும் திருக்காட்டுப்பள்ளியில் காற்றை அளந்துகொண்டிருந்தோம். சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் பட்டறைக்கு பம்ப்செட் கொண்டுவந்த விவசாயிகளும் சிரித்தார்கள். "காத்தை அளந்து என்னம்மா பண்ணப் போறீங்க, மூட்டை கட்டி மார்க்கெட் கமிட்டிக்கு ஏத்தப் போறீங்களா?" என்பார்கள். நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

ஜூனில் வரவேண்டிய ஆற்றுத் தண்ணீர் ஆகஸ்டிலும் வராத வருடங்கள் அவை. ஆளுக்கு ஒரு போர்வெல் போட்டார்கள், போர்வெல்லுக்கு ஒரு டீசல் எஞ்சின். டீசல் விலை ஏற ஏற, எஞ்சின் குடிக்கிறது, இழுக்க மாட்டேன் என்கிறது என்று எங்களிடம் வந்து நின்றார்கள். எஞ்சினும் மூச்சு வாங்கித்தான் உழைக்கிறது. அதன் மேல்பகுதியை நாங்கள் ஹெட் என்போம். அதற்குள் காற்று நுழைகிற பாதை வார்ப்பிலேயே கரடுமுரடாக வந்திருக்கும். அதைச் சரியான இடத்தில் தேய்த்துவிட்டால் அதே டீசலில் கூடுதலாக இழுக்கும். தவறான இடத்தில் தேய்த்தால் இருந்ததும் போய்விடும். எது சரியான இடம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் காற்றை அளக்க ஒரு பெட்டி செய்தோம்.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவளும் நான்தான். அண்ணன் ஐ.டி.ஐ.யோடு நிறுத்திக்கொண்டு பட்டறை போட்டான், எனக்கு ஃபீஸ் கட்டினான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவனைப் பற்றிச் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, அவன் உனக்குச் செய்ததையெல்லாம் மறந்துவிட்டாயா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மெட்ராஸுக்குக் குடிபோன ஒரு மிராசுதார் வீட்டில் பழைய சாமான்களை விற்றார்கள். அதில் ஒரு நெல் பத்தாயம், ஆள் உயர மரப்பெட்டி. எங்கள் அப்பா அந்த வீட்டுக் களத்தில் மரக்கால் பிடித்து நெல் அளந்தவர். அந்தப் பத்தாயத்தை நிரப்பியவர்களில் அவரும் ஒருவர். அதை வாங்கி, பாதியாக அறுத்து, இரண்டு அறையாகத் தடுத்து, நடுவில் ஓட்டை போட்ட ஒரு தகட்டை வைத்தோம். திருச்சியில் பழைய சாமான் கடையில் கிடந்த நாலு வாக்யூம் கிளீனர்களின் மோட்டார்களைக் கழற்றி வந்து ஒரு பக்கம் பொருத்தினோம். மேலே ஹெட்டை வைத்து மோட்டார்களைப் போட்டால், ஹெட் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். ஹெட்டில் காற்று நுழையும் வாயை மூடித் திறக்கிற வால்வை ஒரு மில்லிமீட்டர் திறந்தால் எவ்வளவு காற்று போகிறது, இரண்டு திறந்தால் எவ்வளவு, எட்டு வரை. அந்தத் தகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காற்றின் அழுத்தம் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பார்த்தால் கணக்குத் தெரிந்துவிடும்.

அந்த வித்தியாசத்தைப் பார்க்க முதலில் தண்ணீர்க் குழாய்தான். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, அதே பிளாஸ்டிக் குழாயை வளைத்து, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டியிருந்தோம். தண்ணீர் ஆடிக்கொண்டே இருக்கும். அரை மில்லி இப்படியா அப்படியா என்று எனக்கும் அண்ணனுக்கும் சண்டை வரும்.

சண்டையைத் தீர்த்துவைத்தவர் பாய். அதிராம்பட்டினத்துக்காரர். பத்து வருடம் வளைகுடாவில் ஏசி காற்று போகிற டக்ட் மாட்டும் வேலை பார்த்துவிட்டு வந்து, தஞ்சாவூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். கேஸ்கெட்டும் வால்வும் அவரிடம்தான் வாங்குவோம். ஒருநாள் பெட்டியைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போது மஞ்சள் நிறத்தில் கையகல மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். டிஜிட்டல் மானோமீட்டர், அழுத்தத்தை எண்ணாகவே காட்டும். இரண்டு மூக்கு, இரண்டு ரப்பர் குழாய், ஒரு சின்னத் திரை.

"அங்க டக்டுல காத்து பாக்க வச்சிருந்ததும்மா. இங்க எனக்கு எதுக்கு? வச்சுக்கங்க" என்றார்.

திரையில் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண்ணும் வந்தது. அதைப் பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. எண் எண்ணாக நின்றது. இனி யாரோடும் சண்டை போட வேண்டாம் என்று நினைத்தேன்.

பழைய தண்ணீர்க் குழாயைத் தூக்கிப் போடவில்லை. இழுக்கிற அழுத்தம் ஒரே அளவில் நிற்கிறதா என்று பார்க்க அதைப் பெட்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டோம். அங்கே நான் உட்கார்ந்து, காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஒரு மரத் தடுப்பைத் திருகித் திருகி, சிவப்புத் தண்ணீரைக் கோட்டில் நிறுத்துவேன். ஒரு நொடி கண்ணை எடுத்தாலும் தண்ணீர் கோட்டை விட்டுப் போய்விடும். தகட்டின் குழாய்கள் பெட்டிக்குப் பின்னால் வந்தன. ரப்பர் குழாய் நீளம் போதாததால் மீட்டரும் அங்கேதான். அங்கே அண்ணன். நான் "நின்னுடுச்சு" என்பேன். அவன் எண்ணைச் சொல்வான். நான் அதைத் திருப்பிச் சொல்லி, கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், மடியில் இருக்கும் நோட்டில் தடவித் தடவி எழுதுவேன்.

இந்தச் சொல்லித் திருப்பிச் சொல்கிற முறை களத்திலிருந்து வந்தது. நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். பிறகு இரண்டு, மூன்று. எழுதுகிறவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதுவார். அவர் தலைநிமிர்ந்து மரக்காலைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அளக்கிறவரைச் சந்தேகப்படுகிறார் என்று அர்த்தம். அப்பா ஒருமுறை, கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்தார் என்பதற்காக மரக்காலைக் கீழே வைத்துவிட்டுக் களத்தைவிட்டு இறங்கி வந்துவிட்டார். அந்தக் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் இருவரும் வளர்ந்தோம். அண்ணனும் முதல் மில்லிமீட்டரை லாபம் என்றுதான் தொடங்குவான். "லாபம், பன்னண்டு புள்ளி நாலு." நானும் "லாபம், பன்னண்டு புள்ளி நாலு" என்பேன். எட்டு வரை அப்படியே போகும். நான் ஒருநாளும் எழுந்து பின்பக்கம் போய் மீட்டரைப் பார்த்ததில்லை.

ஆறு ஹெட்டுகளைக் கெடுத்தேன். ஏழாவது கைகூடியது. அந்தச் சமயத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பம்ப்செட் கம்பெனியின் சர்வீஸ் என்ஜினியர் ஏதோ ஒரு புகாருக்காக எங்கள் பக்கம் வந்தவர், பெட்டியைப் பார்த்து அரைமணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நோட்டைப் புரட்டினார். யார் எழுதியது என்று கேட்டார். ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. அவர்களுடைய சோதனைக் கூடத்தில் ஓர் இடம் இருக்கிறது. என் ஹெட்டையும் அதற்கான எண்களையும் எடுத்துக்கொண்டு வரவேண்டும். அவர்கள் தங்கள் கருவியில் வைத்து அளப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் வேலை.

கடிதத்தை அண்ணன்தான் சத்தமாகப் படித்தான். படித்து முடித்து, மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தான். "போய்ட்டு வா பாப்பா, நம்ம பேரு நிக்கட்டும்" என்றான். என் தலையில் கையை வைத்தான். அந்தக் கையை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஏழாவது ஹெட்டுக்குக் கடைசி மெருகு கொடுத்தேன். பிறகு மூன்று நாள், நாளுக்கு ஒரு சுற்று, லாபத்திலிருந்து எட்டு வரை அளந்தோம். மூன்று சுற்றும் புள்ளிக்குப் பின்னால்தான் வேறுபட்டன. மெருகுக்கு முன்பு இருந்ததைவிடச் சில இடங்களில் ஏறியும் சில இடங்களில் இறங்கியும் இருந்தன. மெருகால் வந்த மாற்றம் என்று எடுத்துக்கொண்டேன். சுத்தமாக நகல் எடுத்தேன். ஹெட்டைச் சாக்கில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கோயம்புத்தூரில் எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. டீ கொடுத்தார்கள். சோதனைக் கூடத்துத் தலைவர் ஹெட்டைக் கையில் திருப்பிப் பார்த்து, "நல்லா தேய்ச்சிருக்கீங்க" என்றார். அவர்கள் கருவியில் வைத்து எட்டு எண்கள் எடுத்தார்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அவர் முகம் மாறியது.

"உங்க பெட்டி வேற, எங்களுது வேற. எண்ணு வேறயா இருக்கலாம். ஆனா எல்லாம் ஒரே கணக்குல கூடவோ குறையவோ இருக்கணும். உங்களுதுல நாலாவது இறங்குது, ஆறாவது ஏறுது. இந்த ஹெட்டுல அப்படி வராதுங்களே" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "பாத்து எழுதினீங்களா, நினைச்சு எழுதினீங்களா?"

"பாத்துதான் சார் எழுதினேன்" என்றேன்.

திரும்பி வரும் பஸ் கரூர் தாண்டும்போதுதான் அது பொய் என்று எனக்கு உறைத்தது. நான் பார்க்கவில்லை. ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அப்போதும் என் மனசு அண்ணன் பக்கம் போகவில்லை. பெட்டியில் எங்கோ காற்று கசிகிறது என்றுதான் நினைத்தேன். எவ்வளவு மக்கு பாருங்கள்.

வந்ததும் கசிவைத் தேடினேன். ஊதுவத்தியை ஏற்றி ஒவ்வொரு மூட்டாகக் காட்டினால், காற்று இழுக்கிற இடத்தில் புகை உள்ளே வளையும். பத்தாயப் பலகையில் மூட்டுகளுக்குக் குறைவா? அண்ணன் கூடவே இருந்தான். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவன். ஒரு பெட்டி ஊதுவத்தி தீர்ந்து இன்னொன்று வாங்கிவந்தான். சைக்கிள் டியூபை வெட்டி ஓரங்களில் ஒட்டினான். நான் அழுதபோது டீ வாங்கிக் கொடுத்து, "விடு பாப்பா, அவனுக்கு என்ன தெரியும்? ஏசி ரூம்ல உக்காந்திருக்கறவன்" என்றான். இரண்டு நாள் என்னோடு சேர்ந்து, இல்லாத ஓட்டையைத் தேடினான். அவன் செய்ததிலேயே என்னால் மன்னிக்க முடியாதது எது என்று கேட்டால், இந்த இரண்டு நாளைத்தான் சொல்வேன்.

மூன்றாம் நாள் அண்ணன் தஞ்சாவூருக்கு எதையோ வாங்கப் போயிருந்தபோது பாய் வந்தார். மீட்டர் கெட்டுவிட்டதோ என்று அவரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் கெடாதும்மா. நம்பர் ஆடாம நிக்க இந்தப் பட்டனை அமுக்குறீங்கள்ல?"

"அண்ணன்தான் பாய் அமுக்கும்."

"அமுக்கி நிறுத்துற ஒவ்வொரு நம்பரையும் அதுபாட்டுக்கு உள்ள வச்சுக்கும். இத இப்படிப் புடிச்சுக்கிட்டே இருந்தா பின்னாடி பின்னாடி போகும். பாருங்க."

பெட்டியின் பின்பக்கம் போய் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டேன். கடைசி எண் முதலில் வந்தது. எட்டு, ஏழு, ஆறு. ஆறாவதற்கு என் நோட்டில் எழுபத்தொன்று. திரையில் அறுபத்து நாலு. நாலாவதற்கு நோட்டில் நாற்பத்தொன்று, திரையில் நாற்பத்தெட்டு. பாய் விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். மூன்று சுற்றும் இப்படியே. அதற்கும் முன்னால், கடிதம் வருவதற்கு முன் எடுத்த எண்கள் வந்தபோது, நோட்டும் திரையும் புள்ளிக்குப் பின்னால்கூடப் பிசகாமல் ஒத்துப்போயின.

பாய்க்கு எதுவும் புரியவில்லை. "சரியா இருக்கா?" என்றார். இருக்கிறது பாய் என்றேன். அவர் போன பிறகுதான் குனிந்து பலகையைப் பார்த்தேன். அண்ணன் மண்டியிட்டு உட்காருகிற இடத்துக்கு நேராக, பத்தாயப் பலகையில், சாக்பீஸால் எட்டு எண்கள். துடைத்திருக்கிறான், ஆனால் பழைய மரத்தின் கீறல்களில் சுண்ணாம்பு நின்றிருந்தது. ஆறாவது, எழுபத்தொன்று. முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு, மீட்டர் வேறொன்றைக் காட்டும்போது, இதைப் பார்த்துப் படித்திருக்கிறான். மூன்று நாளும் புள்ளிக்குப் பின்னால் மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறான். அந்த அளவுக்குக் கெட்டிக்காரன்.

அவன் வரும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே நுழைந்து, நான் அவனுடைய இடத்தில் இருப்பதைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை.

"ஆறாவது எவ்வளவுண்ணே?" என்றேன்.

"கொஞ்சம் கூட்டிச் சொன்னேன் பாப்பா. நல்லாருக்கட்டுமேன்னுதான்."

"நாலாவதுல குறைச்சிருக்கியே. அதுவும் நல்லாருக்கட்டும்னுதானா?"

பையை அப்போதுதான் கீழே வைத்தான். பிறகு, "நீ போயிட்டா நான் எப்படி பாப்பா?" என்றான்.

அவன் அன்று சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. பட்டறை என் கையால் ஓடியது, அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். போகாதே என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இருந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் கேட்டிருக்கலாம். நாலு பேர் முன்னால் என்னைப் பொய்க்காரியாக நிற்கவைக்காமல் இருந்திருக்கலாம். இதையெல்லாம் அன்று நான் சொல்லவில்லை. நோட்டை அவன் காலடியில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

சரியான எண்களை எழுதிக் கம்பெனிக்குக் கடிதம் போட்டேன். இடம் நிரம்பிவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. எண்கள் இப்போது மட்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்று நினைத்திருப்பார்கள். தங்கள் தாளைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்றுகூட நினைத்திருக்கலாம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் முழுவதும் வேறு ஒன்றின் மேல் திரும்பியது. இரண்டே வருடத்தில் அண்ணன் வளைகுடாவுக்குப் போனான். பாயின் மச்சான் வழியாக விசா. எஞ்சின் ரீகண்டிஷனிங் பட்டறையில் வேலை. "பட்டறைய நீதான் நல்லா பாத்துக்குவியே" என்று சொல்லிவிட்டு, நான் போய்விட்டால் எப்படி என்று கேட்டவன், நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில் விமானம் ஏறினான். என்னைக் கட்டிப்போட்ட கயிற்றை அவிழ்க்காமலேயே தான் மட்டும் போய்விட்டான். வழியனுப்ப நான் போகவில்லை.

தனியாக அளக்கப் பழகினேன். பழைய மொபெட்டிலிருந்து பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றைக் கழற்றி, தண்ணீர்க் குழாயை ஒட்டித் தெரியும்படி பெட்டிக்குப் பின்னால் ஒரு கம்பியில் பொருத்தினேன். தண்ணீர் கோட்டில் நிற்பதையும் பின்னால் மீட்டரில் எண் இடவலமாக மாறித் தெரிவதையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். இரண்டு நாளில் கண் பழகிவிட்டது. அந்தக் கண்ணாடியை முன்பே மாட்டியிருக்க எனக்கு அறிவு இருந்தது. மனசுதான் வரவில்லை, அவன் தப்பாக நினைத்துக்கொள்வானே என்று.

ஆறேழு வருடம் கழித்து, ஒரு மாலை, செல்லில் கூப்பிட்டான். நல்லாயிருக்கியா, மழை உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தான். அவர்கள் பட்டறையில் புதிதாக இதேபோல ஒரு பெட்டி வாங்கியிருக்கிறார்கள். ஊரில் இதைத் தானே செய்து வைத்திருந்ததாக முதலாளியிடம் சொல்லியிருக்கிறான். நான் தேய்த்த ஏழாவது ஹெட்டைப் போலவே ஒன்றை அங்கே தேய்த்திருக்கிறான். அது சரியா என்று பார்க்க என்னுடைய எண்கள் வேண்டும். நாளைக்கு முதலாளி வந்து நிற்பார். எண் பிசகினால் வேலை போய்விடும் என்றான்.

சாக்கில் சுற்றி வைத்திருந்த ஏழாவது ஹெட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். சரியான எண்கள் எழுதிய தாள் கையிலேயே இருந்தது, இருந்தாலும் புதிதாக அளந்து சொல்கிறேன் என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டு, மோட்டார்களைப் போட்டு, கோட்டில் தண்ணீரை நிறுத்தினேன். கண்ணாடியில் எண் தெரிந்தது. வேறு எட்டு எண்கள் என் நாக்கு நுனியில் இருந்தன. அவற்றை நான் பல வருடங்களாக மனப்பாடமாக வைத்திருந்தேன். நாலாவது நாற்பத்தொன்று. ஆறாவது எழுபத்தொன்று. அவன் சாக்பீஸால் எழுதியவை.

"லாபம், பன்னண்டு புள்ளி எட்டு" என்றேன்.

"லாபம், பன்னண்டு புள்ளி எட்டு" என்றான். எழுதுகிற சத்தம் கேட்டது.

கண்ணாடியில் பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன். நாலாவது நாற்பத்தெட்டு என்றேன். ஆறாவது அறுபத்து நாலு என்றேன். ஆறாவதை அவன் திருப்பிச் சொல்லவில்லை.

"பாப்பா, ஆறாவது மறுபடி சொல்லு."

"அறுபத்து நாலு."

"மீட்டர்ல அதான் காட்டுதா?"

"அதான் காட்டுது."

ஏழும் எட்டும் சொன்னேன். முனகலாகத் திருப்பிச் சொன்னான். மோட்டார்களை நிறுத்திய பிறகும் அவன் போனை வைக்கவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டான்: "தப்பா நினைச்சுக்காத பாப்பா. பாய் கடைல இருந்தா, அவர வரச்சொல்லி, மீட்டரைப் பாத்து ஒரு தடவை சொல்லச் சொல்றியா?"

சொல்லச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு, ஹெட்டைத் துடைத்து மறுபடி சாக்கில் சுற்றினேன். பாயை நான் கூப்பிடவில்லை.